அதிகுளிர் நியூட்ரானுக்கு எந்த ஊற்று? விசையாழியா, டியூட்டீரியக் கட்டியா, மீப்பாய்ம ஹீலியமா?

ஒரு கலத்துக்குள் நியூட்ரான்களை விட்டு மூட வேண்டும். மூன்று நிமிடம் கழித்துத் திறந்து எண்ண வேண்டும். நியூட்ரானுக்கு மின் இருமுனைத் திருப்புத்திறன் (உள்ளே நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் சற்று விலகி நிற்பதன் அளவு) இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் செய்யும் வேலையைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். நடுவில் உயர் மின்னழுத்தம், காந்தக் கவசம், பாதரசக் காந்தமானி என்று ஏகப்பட்ட சங்கதி உண்டு. ஆனால் விடை எவ்வளவு துல்லியமாக வரும் என்பது, கதவைத் திறக்கும்போது எத்தனை நியூட்ரான் மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் பெரிதும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சாதாரண நியூட்ரானைக் கலத்தில் அடைக்க முடியாது. அறை வெப்பநிலையில் அது விநாடிக்குச் சுமார் 2200 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சுவர் எதுவானாலும் உள்ளே புகுந்துவிடும். வேகம் 7, 8 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போகிறவரின் வேகம் அது. அந்த நியூட்ரான் நிக்கல், பெரிலியம், துருப்பிடிக்காத எஃகு போன்ற சுவரில் எந்தக் கோணத்தில் மோதினாலும் திரும்பி வந்துவிடும். இதைத்தான் அதிகுளிர் நியூட்ரான் என்கிறார்கள். அதன் ஆற்றல் 300 நானோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான். ஒரு மீட்டர் உயரம் ஏறுவதற்கே 102 நானோ எலக்ட்ரான் வோல்ட் செலவாகிவிடும் என்பதால், வீட்டு அறையின் கூரை உயரத்துக்கு மேல் அதனால் எழும்ப முடியாது. 1 டெஸ்லா காந்தப்புலம் 60 நானோ எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குத் தடுப்பணையாக நிற்கும். ஆக சுவராலும் அடைக்கலாம், காந்தத்தாலும் அடைக்கலாம், புவியீர்ப்பாலும் அடைக்கலாம். 1959-ல் செல்டோவிச் இந்த யோசனையை எழுதினார். 1960களின் கடைசியில் டூப்னாவில் ஷபீரோவின் குழுவும் மியூனிக்கில் ஸ்டையெர்லும் இத்தகைய நியூட்ரான்களைப் பிடித்துக் காட்டினார்கள்.

பிரச்சினை, இவை கிடைப்பது அபூர்வம். அறை வெப்பநிலையில் பாய்ந்து வரும் நியூட்ரான்களில் ஆயிரம் கோடிக்கு ஒன்றுகூட இந்த வேகத்தில் இருக்காது. அதனால்தான் தனியாக ஊற்று கட்ட வேண்டியிருக்கிறது. இன்றைக்குத் தேர்வு மூன்று வகைக்குள்தான்: பிரான்சின் கிரெனோபிளில் உள்ள லாவே–லாஞ்செவின் நிறுவனத்தின் விசையாழி, சுவிட்சர்லாந்தில் வில்லிகனின் பால் ஷெரர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸிலும் உள்ள உறைந்த டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்), மறுபடி கிரெனோபிளிலும் கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்திலும் உள்ள மீப்பாய்ம ஹீலியம் (உராய்வே இல்லாமல் ஓடும் அளவுக்குக் குளிர்ந்த திரவ ஹீலியம்). ஒரு புதிய சோதனைக் குழு இவற்றில் எங்கே போய் நிற்பது என்பதைத்தான் இங்கே எடைபோடப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊற்றின் வாசலில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. பால் ஷெரர் நிறுவனத்தில் 2015, 2016-ல் தரவு சேர்த்து 2020-ல் வெளியான அளவீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மின் இருமுனைத் திருப்புத்திறனுக்கு 1.8 × 10⁻²⁶ என்ற மேல்வரம்பைத் தந்த அளவீடு அது (அலகு: எலக்ட்ரான் மின்னூட்டம் பெருக்கல் சென்டிமீட்டர்). ஒவ்வொரு சுற்றிலும் 180 விநாடி காத்திருந்து எண்ணியபோது கிடைத்தவை சராசரியாக 11,400 நியூட்ரான்கள். கலத்தின் கொள்ளளவு சுமார் 20 லிட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு நியூட்ரான்கூட முழுசாகத் தேறவில்லை, அரையைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஊற்றுப் பக்கத்தில் பத்து, இருபது என்று பேசுகிற அதே இடத்தில்தான் இதுவும். குழாயில் கொஞ்சம், வளைவில் கொஞ்சம், ஜன்னல் தகட்டில் கொஞ்சம், ஒரே ஸ்பின் திசை உள்ளவற்றை மட்டும் வடிகட்டுகையில் பாதி, கலத்துச் சுவரில் மீதி என்று வழியெல்லாம் கரைந்துபோகிறது. அப்படியும் 54,000 சுற்றுகளுக்கு மேல் பொறுமையாக ஓட்டி அந்த விடையை எடுத்தார்கள். எனக்கு மிகவும் மரியாதை உள்ள அளவீடு அது.

முதலில் விசையாழி. 1980களின் நடுவிலிருந்து கிரெனோபிளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 58 மெகாவாட் அணு உலைக்குள் திரவ டியூட்டீரியத்தில் குளிர்ந்த நியூட்ரான்களில் மிக மெதுவானவை செங்குத்துக் குழாய் வழியாகப் பல மீட்டர் மேலே ஏறி வருகின்றன. ஏறும்போதே புவியீர்ப்பு கொஞ்சம் வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மேலே வந்து சேரும்போது வேகம் விநாடிக்குச் சுமார் 50 மீட்டர். அங்கே நிக்கல் பூசிய வளைந்த தகடுகள் பொருத்திய சக்கரம், நியூட்ரான் போகும் திசையிலேயே 25 மீட்டர் வேகத்தில் விலகி ஓடிக்கொண்டிருக்கும். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். வேகமாக வரும் பந்தைக் கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் தெறித்துப் போகும். பந்தோடு சேர்ந்து கையைப் பின்னுக்கு இழுத்தால் பந்து உள்ளங்கையிலேயே அடங்கிவிடும். தகடு நியூட்ரானின் பாதி வேகத்தில் விலகினால், மோதிய நியூட்ரான் நின்றுவிடும்.

அழகான இயந்திரம். ஆனால் அதற்கு ஒரு பிறவிக் குறை உண்டு. இடமும் உந்தமும் சேர்ந்த கட்டவெளியில் நியூட்ரான் கூட்டத்தின் அடர்த்தியைக் கண்ணாடியாலோ சக்கரத்தாலோ கூட்ட முடியாது; லியூவில் தேற்றம் அதற்கு இடம் தராது. விசையாழி நியூட்ரான்களை வேகமான இடத்திலிருந்து மெதுவான இடத்துக்கு நகர்த்தித்தான் வைக்கிறது. உலைக்குள் இருக்கும் குளிர் ஊற்று எவ்வளவு நெருக்கமாகத் தந்ததோ அதுதான் உச்சவரம்பு. சக்கரத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் பத்து மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் அதை ஒதுக்கிவிடலாமா? கூடாது. உலை ஓடும் வாரங்களிலெல்லாம் அது நிற்காமல் ஊற்றுகிறது. துடிப்பு கிடையாது, ஐந்து நிமிட இடைவெளி கிடையாது. நியூட்ரான் கண்ணாடித் தளத்துக்கு மேலே பத்திருபது மைக்ரோமீட்டர் உயரத்தில் குவாண்டம் படிகளில் நிற்பதை 2002-ல் கிரெனோபிளில்தான் காட்டினார்கள். அந்த வகைச் சோதனைக்குக் கலம் நிறைய நியூட்ரான் தேவையில்லை. மெல்லிய, சீரான, மாதக்கணக்கில் மாறாத ஓட்டம் வேண்டும். அதற்கு இன்றைக்கும் நான் விசையாழியைத்தான் சொல்வேன்.

அப்புறம் டியூட்டீரியக் கட்டி. இங்கே லியூவில் தேற்றத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது, ஏனென்றால் நியூட்ரான் தன் ஆற்றலை இன்னொரு பொருளிடம் கொடுத்துவிட்டு வருகிறது. 5 கெல்வினில் உறைந்த டியூட்டீரியத்துக்குள் நுழையும் குளிர் நியூட்ரான், படிகத்தில் ஓர் அதிர்வை, அதாவது ஒரு ஃபோனானை எழுப்பிவிட்டுத் தான் கிட்டத்தட்ட நின்றுபோகும். எதிர்ச் செயல் நடக்க, ஏற்கெனவே படிகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோனான் ஒன்று வந்து முட்ட வேண்டும். கட்டி குளிர்ந்திருந்தால் அது அரிது. கொடுக்கல் தாராளம், வாங்கல் சுருக்கம். இந்த வழிக்குப் பொதுப் பெயராக மீவெப்ப முறை என்கிறார்கள். கோலப்பும் பெண்டில்பரியும் 1970களில் முதலில் ஹீலியத்துக்காக யோசித்தது இது.

கட்டியில் பிறப்பு விகிதம் மிக அதிகம். ஆயுள்தான் குறைச்சல். டியூட்டீரியமே நியூட்ரானைக் கொஞ்சம் விழுங்கும். எச்சமாக இருக்கும் ஹைட்ரஜன் இன்னும் அதிகமாக விழுங்கும். டியூட்டீரிய மூலக்கூறு ஆர்த்தோ, பாரா என்று இரண்டு ஸ்பின் வகைகளில் வரும்; பாரா வகை இருந்தால் அது தன் சுழற்சி ஆற்றலை நியூட்ரானுக்குக் கொடுத்து விரட்டிவிடும். முழுக்கப் பாராவாக இருந்தால் நியூட்ரான் ஒன்றரை மில்லி விநாடிதான் தாங்கும். அதனால் உறைய வைப்பதற்கு முன்பே வினையூக்கி வழியாக வாயுவைச் செலுத்தி, ஆர்த்தோ வகையை 98 சதவீதத்துக்கு மேல் கொண்டு வருகிறார்கள். இவ்வளவு செய்தும் நியூட்ரானுக்குக் கிடைப்பது சில பத்து மில்லி விநாடிகள். அதற்குள் கட்டியை விட்டு வெளியேறியாக வேண்டும். வெளியேறியதும் மூடியைச் சாத்திவிட வேண்டும், இல்லையென்றால் திரும்பி வந்து கட்டிக்குள்ளேயே செத்துப்போகும்.

பால் ஷெரர் நிறுவனத்தில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். 590 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றை, 2 மில்லி ஆம்பியருக்கு மேல். மெகாவாட்டைத் தாண்டிய அந்தத் திறனை அதிகபட்சம் 8 விநாடி ஈய இலக்கில் கொட்டிவிட்டு, 300 விநாடிக்கு ஒரு முறைதான் அடுத்ததைக் கொடுப்பார்கள். இலக்கைச் சுற்றிக் கனநீர், மேலே 30 லிட்டர் டியூட்டீரியக் கட்டி, அதற்கும் மேலே 2 கன மீட்டர் சேமிப்புத் தொட்டி. தொடர்ந்து அடித்தால் கட்டி தாங்காது. 30 லிட்டர் டியூட்டீரியம் வாயுவானால் 30 கன மீட்டருக்கு மேல் விரியும், அதுவும் எரியக்கூடிய வாயு. பாதுகாப்பு ஏற்பாடே ஒரு தனி ஆய்வகம் மாதிரி.

தொட்டியை மேலே வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டியிலிருந்து வெற்றிடத்துக்குள் வரும் நியூட்ரானை அந்தப் பரப்பு சுமார் 100 நானோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு உந்தித் தள்ளும். அந்த ஆற்றலை ஒரு மீட்டர் உயரம் ஏற்றிவிட்டால் புவியீர்ப்பு அப்படியே வாங்கிக்கொள்கிறது.

கட்டியின் உண்மையான தலைவலி அதன் மேற்பரப்பு. பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பொருமிக்கொண்டு நிற்கும் வெள்ளைப் பனியைப் பார்த்திருப்பீர்கள். கட்டியின் மேலும் அதே கதைதான். ஒவ்வொரு துடிப்பிலும் மேற்பரப்பு ஒரு கணம் சூடாகிக் கொஞ்சம் டியூட்டீரியம் ஆவியாகிறது. துடிப்பு ஓய்ந்ததும் அந்த ஆவி திரும்ப வந்து பனிச் செதில்களாக ஒட்டுகிறது. வெளியே வரத் துடிக்கும் நியூட்ரான் அந்தச் செதில்களில் மோதி மோதி மறுபடி கட்டிக்குள் போய்விடும். நாள் போகப் போக விளைச்சல் இறங்கும். உள்ளே ஒரு கோளாறும் இல்லை, மேலே பூத்த பனிதான் காரணம் என்று கண்டுபிடித்து 2018-ல் எழுதினார்கள். மருந்தும் எளிதுதான்: கட்டியைப் பக்குவமாகச் சற்றே சூடாக்கி மேற்பரப்பை மறுபடி வழவழப்பாக்குவது. அளவீட்டை நிறுத்திவிட்டு இதைச் செய்ய வேண்டும். பல மாதம் தரவு சேர்க்கும் குழு தன் கால அட்டவணையில் இந்த இடைவெளிகளுக்கும் இடம் விட்டு வைக்க வேண்டும்.

லாஸ் அலமோஸ் ஊற்று இதைவிடக் கைக்கு அடக்கமானது. 800 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான், டங்ஸ்டன் இலக்கு, ஓரிரு லிட்டர் அளவிலேயே கட்டி. மேம்படுத்திய பிறகு, கவசச் சுவருக்கு வெளியே வரும் இடத்தில் கன சென்டிமீட்டருக்கு 184 என்று 2018-ல் அறிவித்தார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: ஸ்பின் வடிகட்டி, மின் இருமுனைச் சோதனைக்கான கலம் வரை கொண்டுபோய் நிரப்பியபோது 39. இரண்டையும் சேர்த்து வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். 184-ஐ மட்டும் படித்துவிட்டுத் திட்டம் தீட்டுகிற குழு கஷ்டப்படும்.

டிரிகா வகைச் சிறிய உலையோடும் கட்டியை இணைக்கலாம். மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் உலையைச் சில பத்து மில்லி விநாடிக்கு 250 மெகாவாட் வரை எழுப்பி அணைக்கிறார்கள். சிறு குழுவுக்கும், மாணவர் கை பழகுவதற்கும் நல்ல இடம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: மீப்பாய்ம ஹீலியம். நியூட்ரானின் அலைநீளம் 8.9 ஆங்ஸ்ட்ராம், வேகம் விநாடிக்குச் சுமார் 440 மீட்டர் என்று இருக்கும் அந்த ஒரே புள்ளியில், நியூட்ரானின் ஆற்றலும் உந்தமும் ஹீலியத்தில் எழக்கூடிய ஃபோனானின் ஆற்றலோடும் உந்தத்தோடும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மோதினால் அத்தனையையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அந்த ஆற்றலைக் கெல்வினில் சொன்னால் 12. ஹீலியத்தை 0.6 கெல்வினில் வைத்திருந்தால், 12 கெல்வின் ஆற்றலுள்ள ஃபோனான் ஒன்று உலவுவதற்கான வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் கீழே. போன ஆற்றல் திரும்பி வராது.

ஹீலியம்-4 நியூட்ரானை உறிஞ்சவே உறிஞ்சாது. இதுதான் கட்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. பிறந்த இடத்திலேயே நியூட்ரான் காத்திருக்கலாம். விநாடிக்கு ஒரு கன சென்டிமீட்டரில் ஒன்று பிறந்து, ஒவ்வொன்றும் 200 விநாடி தங்கினால் அடர்த்தி 200 ஆகிவிடும். ஆனால் ஹீலியம்-3 கடுகளவும் கலந்திருக்கக்கூடாது. அது நியூட்ரானை அப்படியே விழுங்கும். வெப்பநிலையிலும் கறார். ஹீலியம் நியூட்ரானைச் சூடாக்கி விரட்டும் விகிதம் வெப்பநிலையின் ஏழாம் அடுக்காக ஏறுகிறது. 1 கெல்வினில் இந்த ஒரு காரணத்தாலேயே இரண்டு நிமிடத்துக்குமேல் தாங்காது. 0.7 கெல்வினுக்கு இறக்கினால், தனி நியூட்ரான் தானாகவே சிதைந்துபோகும் அதன் சொந்த ஆயுளைவிட இந்த இழப்புக்கு ஆகும் காலம் நீண்டுவிடும். 0.3 கெல்வின் இறக்கியதில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அதனால் ஹீலியத்துக்குள்ளேயே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஊற்றை இலக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். டிரையம்ஃப் 480 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை வைத்துச் செய்வது இது. பிறப்பு அதிகம், ஆனால் கதிர்வீச்சின் சூடு ஹீலியத்தில் இறங்குவதால் 1 கெல்வின் அருகிலேயே போராட வேண்டும். அல்லது உலையிலிருந்து தூரமாக, வெறும் குளிர் நியூட்ரான் கற்றையின் முனையில் வைக்கலாம். கிரெனோபிளின் சூப்பர்சன் என்ற ஊற்று அப்படிப்பட்டது. பிறப்பு குறைவு, சூடு கிட்டத்தட்ட இல்லை. 12 லிட்டர் ஹீலியத்தில் நியூட்ரான்கள் நிதானமாகச் சேர்கின்றன. சேர்ந்தது கன சென்டிமீட்டருக்கு இருநூறைத் தாண்டியிருக்கிறது. இந்த இரண்டில் என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. குளிர்சாதனம் திணறாத ஊற்றில் ராத்திரி மூன்று மணிக்கும் அளவீடு நடக்கும்.

ஆனால் 12 லிட்டர் என்பதை மறந்துவிடக்கூடாது. அந்த நியூட்ரான்களை 100 லிட்டர் கலத்துக்குள் விட்டால் அடர்த்தி அந்த அளவுக்கு நீர்த்துப் போகும். ஒரு முறை காலி செய்தால் மறுபடி நிரம்பச் சில நிமிடம் ஆகும். பாத்திரம் சிறியதாகவும் காத்திருப்பு நீளமாகவும் உள்ள சோதனைக்குத்தான் இந்த ஊற்று. ஹீலியத்துக்குள்ளேயே சோதனையையும் நடத்திவிடலாம் என்ற யோசனை இன்னும் ஆசை காட்டுவது, ஏனென்றால் ஹீலியம் நல்ல மின்காப்பு. மின்புலத்தை இன்னும் ஏற்றலாம். கிரெனோபிளிலும் ஓக் ரிட்ஜிலும் பல வருடம் உழைத்தும் அந்த முயற்சிகள் விடைவரை போகாமல் நின்றன. புதுக் குழு அந்தப் பாதையை முதல் அடியாக எடுக்கவேண்டாம்.

சரி, யாருக்கு எது?

நியூட்ரானின் ஆயுளை அளக்கிறவர்களுக்கு டியூட்டீரியக் கட்டி. லாஸ் அலமோஸின் காந்தக் கிண்ணம் நூற்றுக்கணக்கான லிட்டர் கொள்ளும். ஆழம் அரை மீட்டர்தான், ஆகவே 50 நானோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் உள்ளவை மட்டும் நிற்கும். பெரிய பாத்திரத்தை மளமளவென்று நிரப்பக் கட்டியால்தான் முடியும். 2021-ல் அங்கிருந்து வந்த 877.75 விநாடி என்ற விடையின் பிழை அரை விநாடிக்கும் குறைவு. ஓடும் நியூட்ரான் கற்றையில் சிதைபவற்றை எண்ணும் கற்றை முறையில் எடுத்த 887.7-க்கும் இதற்கும் பத்து விநாடி இடைவெளி இன்னும் அப்படியே கிடக்கிறது என்பதால், இந்த வேலையைப் பல வகைக் கிண்ணங்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது அவசியம்.

மின் இருமுனைத் திருப்புத்திறனுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. துல்லியம் நியூட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். பத்து மடங்கு நியூட்ரான் கொடுத்தால் மூன்று மடங்குதான் கிடைக்கும். மின்புலத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் இரட்டித்தாலோ துல்லியம் நேராக இரட்டிக்கும். வில்லிகனின் புதிய கருவியில் இரண்டு பெரிய கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பெரிய தொட்டியைக் கொண்ட கட்டி ஊற்றுக்கு அது பொருத்தமான ஜோடி. சிறிய கலம், மெதுவான நியூட்ரான், நீண்ட காத்திருப்பு என்று திட்டமிடுகிற குழுவுக்கு சூப்பர்சன் வகைதான். ஹீலியத்திலிருந்து வெளியேறும்போது கிடைக்கும் உதை கட்டியில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மெதுவானவை மெதுவாகவே கலத்துக்கு வந்து சேரும். மெதுவானவை சுவரில் குறைவாக மோதும், அதிக நேரம் உயிரோடிருக்கும்.

நானாக இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் 2017-ல் வெளியான ஒப்பீட்டில் செய்ததைச் செய்வேன். அப்போது 32 லிட்டர் எஃகுப் புட்டி ஒன்றைச் செய்து, அதே புட்டியை, அதே கதவுகளை, முன்னணி ஊற்றுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, நிரப்பி, மூடி, காத்திருந்து எண்ணினார்கள். நம் சோதனைக் கலத்தின் அளவில், நாம் பூசப்போகும் அதே பூச்சோடு ஒரு புட்டி. நாம் நிற்கப்போகும் அதே தளத்தில், நாம் போடப்போகும் அதே நீளக் குழாயின் முனையில் அதை மாட்ட வேண்டும். 180 விநாடி கழித்துக் கதவைத் திறந்து எண்ண வேண்டும்.